கந்தூரிக்கு மறுநாள்

சொர்ணவல்லி சிஸ்டர் தான் குடியிருந்த எந்த வீட்டிலும் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன ஆணியில்தான் காலண்டர் தொங்கும். அந்த ஆணி சமையலறையில் இருந்தால் காலண்டரும் சமையலறையில்தான். கிராம சுகாதார நர்ஸாக முப்பத்தோரு வருஷ வேலை, பதினோரு வாடகை வீடு. ஒவ்வொன்றையும் காலி செய்யும்போது ஒயிட் சிமெண்டைக் குழைத்து ஓட்டைகளை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தன் கையாலேயே வெள்ளையடித்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பாராம். யாரோ அடித்த ஆணிக்கும் சேர்த்து இவர் அடைத்திருக்கிறார்.

இந்தத் தடவை வயது அறுபது, ரிட்டயர்மெண்ட், இரண்டு முட்டியிலும் வலி. அதனால் என்னைக் கூப்பிட்டார். நான் செபமாலை, பெயிண்டர், ஊர் மணமேல்குடி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சட்டென்று வரும். வேலையில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. சிஸ்டர் இருந்த ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கோட்டைப்பட்டினத்துப் பக்கம் ஒரு கடலோர ஊர். இதில் வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள், நானும் அந்தப் பக்கம் வேலைக்குப் போக வேண்டியவன்.

"நான் வந்தப்ப இருந்தத விட சுவரு நல்லா இருக்கணும் செபமாலை. அம்புட்டுதான்" என்றார்.

வீடு ஆபிதாம்மாவுடையது. பின்கட்டில் ஆபிதாம்மாவும் மருமகள் மிஸ்பாவும், மிஸ்பாவின் ஏழு வயது மகள் சாமியாவும். மகன் அஸ்வருக்குக் கத்தாரில் வேலை. முன்கட்டில் பத்து வருஷமாக சிஸ்டர் தனியாக இருந்தார். கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி மூன்றாம் வருஷமே புருஷன் பஸ் விபத்தில் போய்விட்டாராம். அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை.

வேலை தொடங்கிய அன்றே ஆபிதாம்மா வந்து உத்தரவு போட்டார். "பெயிண்டரே, எங்க சின்னவன் அஜ்மலுக்கு அடுத்த மாசம் நிக்காஹ். பொண்ணு இந்தப் போர்ஷன்லதான் இருக்கப் போவுது. சுவத்துல ஒரு பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது, ஆமா."

ஒரு பொட்டா இருந்தது? ஹால் சுவரில் வாசலில் தொடங்கி சமையலறை வரைக்கும் கறுப்பாக ஒரு பட்டை. எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கு நாலு விரற்கடை மேலே இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று. எண்ணெய்க் கறை மேல் டிஸ்டெம்பர் நிற்காது. சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, தேய்த்து, ப்ரைமர் அடித்து, ஒரு நாள் கூலி அதிலேயே போய்விடும்.

"என்ன சிஸ்டர், உள்ளயே மாடு கட்டி வளத்தீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "சாமியா நடந்த தடம் அது" என்றார்.

குழந்தைக்கு இடது கால் இழுக்கும். இடது கையும் முழுசாக விரியாது. நடக்கவே நடக்காது என்று டாக்டர்கள் சொன்ன பிள்ளை. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு சிஸ்டர் அந்தக் காலுக்கும் கைகளுக்கும் எண்ணெய் தேய்த்து, நீவி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கவைத்திருக்கிறார். பிள்ளை வளர வளரக் கை வைத்த இடமும் மேலே ஏறியிருக்கிறது. இப்போது எதையாவது ஒரு கையால் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. இதற்காக இரண்டு தடவை ப்ரமோஷனையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர் சிஸ்டர் என்று ஊரே பேசும். பெற்றவள்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பெற்றவளைப் பற்றி ஊர் பேசியது வேறு. மிஸ்பா எனக்கும் திருப்பதிக்கும் டீ கொண்டுவந்தாள். திருப்பதி என்னோடு பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறவன். பின்னாலிருந்து ஆபிதாம்மாவின் குரல் வந்தது. "சீனி போட்டியா? இல்ல நாள மறந்த மாதிரி அதையும் மறந்துட்டியா?"

மிஸ்பா காதில் விழாத மாதிரி டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். முப்பது வயதுகூட இருக்காது.

"என்னம்மா நாளு?" என்று நான்தான் கேட்டுத் தொலைத்தேன்.

ஆபிதாம்மா உட்கார்ந்து சொன்னார். பல தடவை சொல்லிப் பழகிய பேச்சு, தடையில்லாமல் வந்தது. "கஜா புயல் வந்துச்சுல்ல. அதுக்கு ரெண்டு நாள் முந்தியே பத்து நாளுக்குள்ள பிரசவம் ஆகவேண்டிய பொம்பளைகள எல்லாம் வேன்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாக நம்ம நர்ஸம்மா. இவளுக்கு இன்னும் பதிமூணு நாள் இருக்குன்னு விட்டுட்டாக. இவ சொன்ன கணக்கு அப்படி. புயலடிச்ச அன்னைக்குக் காலைலயே வலி வந்துருச்சு. ரோடு பூரா மரம். நர்ஸம்மாதான் இங்கயே பாத்தாக. புள்ள அழவே இல்ல பெயிண்டரே. மரத்த வெட்டி ஆம்புலன்ஸ் வர மத்தியானம் ஆயிருச்சு. காலேஜு படிச்ச பொண்ணு, குளிச்ச நாள எண்ணிச் சொல்லத் தெரியல. சரியாச் சொல்லியிருந்தா எம் பேத்தி ஓடியாடித் திரிஞ்சிருக்கும்."

சிஸ்டர் அப்போது அலமாரித் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தார்.

மூன்றாம் நாள் ஹாலும் சமையலறையும் முடிந்து பளிச்சென்று ஆகிவிட்டன. உள் அறை மட்டும் பாக்கி. அங்கே ஒரு இரும்பு பீரோ சுவரோடு ஒட்டி நின்றது. முதல் நாளிலிருந்தே நகர்த்தலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், "கடைசியாப் பாத்துக்கலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். மறுநாள் காலை லாரி வருகிறது, இனித் தள்ள முடியாது. நானும் திருப்பதியும் பிடித்து இழுத்தோம்.

பின்னால் சுவர் நிறைய எழுத்து. கறுப்பு மார்க்கரில் வரிசையாகப் பதினேழு பெண்களின் பெயர்.

"புயலுக்கு முன்னாடி எழுதுனது" என்றார் சிஸ்டர். "கரண்டு போயிரும், ரெஜிஸ்டர் நனைஞ்சாலும் நனைஞ்சிரும், சுவரு எங்கயும் போயிராதேன்னு எழுதிவச்சேன். அடிச்சு மறைச்சிரு."

அடித்தேன். காய்ந்ததும் எழுத்து மங்கலாக மேலே வந்தது. இரண்டாவது கோட்டிங் அடித்தேன். அப்படியும் வந்தது. கலப்பட பெயிண்டைக் கொடுத்துவிட்டான் என்று கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்புறம்தான் எந்த மார்க்கர் என்று கேட்கத் தோன்றியது.

"போலியோ சொட்டு போட்டதும் புள்ளைக விரல்ல வைப்போம்ல, அது."

"நல்லாக் கெடுத்தீங்க போங்க! அது நகத்துலயே ஒரு மாசம் நிக்கும். சுண்ணாம்புச் சுவத்துல போவுமா? நூறு கோட்டிங் அடிச்சாலும் மேல வரும். சுரண்டி எடுத்துட்டுப் பட்டி பாத்தாத்தான் உண்டு."

பட்டி வாங்க திருப்பதியைக் கடைக்கு அனுப்பிவிட்டு மேலிருந்து சுரண்ட ஆரம்பித்தேன். சுரண்டும்போது படிக்காமல் இருக்க முடியாது. ஒவ்வொரு வரியிலும் பெண்ணின் பெயர், புருஷன் பெயர், கடைசியாகத் தலைக்குக் குளித்த நாள் எது என்று அவள் சொன்ன அடையாளம், அதற்கு சிஸ்டர் போட்ட தேதி, பிரசவத் தேதி. கிராமத்தில் யார் தேதி சொல்கிறார்கள்? ஒருத்தி தைப்பூசம் என்றிருக்கிறாள், ஒருத்தி சிவராத்திரி. இன்னொருத்தி 'ரேஷனில் சீனி போட்ட அன்று' என்றிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒன்பதாவது வரிக்கு வந்தேன்.

மிஸ்பா, க/பெ அஸ்வர். கந்தூரிக்கு மறுநாள். 20/2. பிரசவம் 27/11.

மிஸ்பாவின் தாய்வீட்டு ஊரில் ஒரு சின்ன தர்கா இருக்கிறது. அதன் கந்தூரிக்கு வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறவன் நான். கந்தூரி என்றால் அந்த ஊரில் கொடியேற்றி, சந்தனம் பூசி, சோறு போடும் பெரிய விழா. முஸ்லிம் மாதம் பிறைக் கணக்கு, அதனால் கந்தூரியும் வருஷத்துக்கு வருஷம் பதினோரு நாள் போல முன்னால் வந்துவிடும். கஜா வந்த வருஷம் நான் அதை மறந்துபோய், போன வருஷத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு பிரஷ்ஷும் வாளியுமாகப் போய் நின்றேன். கந்தூரியே முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று வாங்கிக் கட்டிக்கொண்டதை இந்த ஜென்மத்தில் மறக்க முடியுமா?

"சிஸ்டர், இது தப்பாச்சே" என்றேன். "பிப்ரவரி பத்தொம்பது கந்தூரி வந்தது அதுக்கு முந்தின வருசம். புயல் வருசத்துல எட்டாம் தேதியே முடிஞ்சுபோச்சு. அப்ப மறுநாள்னா ஒம்பதுல்ல?"

சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினேன். பதினோரு நாள். கழித்துப் பார்க்கிற அளவுக்கு எனக்கும் கணக்கு வரும். இருபத்தேழில் பதினொன்று போனால் பதினாறு. புயலடித்த நாள். அந்த வேனில் ஏறியிருக்க வேண்டியவள் மிஸ்பா.

சிஸ்டர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். "தெரியும்" என்றார்.

அப்புறம் அவராகவே சொன்னார். அழவில்லை. மீட்டிங்கில் ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரிதான் சொன்னார். "தைப்பூசம், சிவராத்திரி எல்லாம் காலண்டர்ல போட்டிருக்கும். அந்தக் கந்தூரி எதுல போட்டிருக்கு? முந்தின வருசம் அங்க கேம்ப் டூட்டி பாத்தேன், டைரில தேதி இருந்துச்சு. பாத்து எழுதிட்டேன். ஸ்கேன்ல பத்து நாள் முன்னாடிதான் காட்டுச்சு. புள்ள கொஞ்சம் வளத்தி போலன்னு விட்டுட்டேன். ஆஸ்பத்திரில டாக்டர் சத்தம் போட்டாரு, ஏன் முன்னாடியே கூட்டியாரலன்னு. அவங்க நாளத் தப்பாச் சொல்லிட்டாங்க சார்னு வாயில வந்துருச்சு. பக்கத்துல ஆபிதாம்மா நின்னாங்க. அப்ப நெசமாவே அப்படித்தான் நெனச்சேன். பத்து நாள் கழிச்சுத்தான் பாய் கடையில பிறைக் காலண்டரப் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"பீரோவ நகத்தி வச்சேன்."

எனக்கு வந்ததே கோபம்! "என்ன பொம்பளைங்க நீங்க? ஏழு வருசம்! அந்தப் பொண்ணு டீ கொண்டாந்தாக்கூடக் குத்துறாங்க. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே தட்டத் தொடைக்கிறீங்க!"

"மொதல்ல வேலை போயிருமேன்னு பயம். அப்பறம் அந்தப் பயம் போயி, ஆபிதாம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு பயம் வந்துருச்சு. நாளாக நாளாகச் சொல்றது இன்னும் கஷ்டமாத்தான் போச்சு."

"புள்ளைக்கு எண்ணெ தேச்சதெல்லாம் இதுக்குத்தானா?"

"எனக்கு வேற என்ன செய்யத் தெரியும் செபமாலை?" என்றவர், "அந்த வரியையும் சுரண்டிரு" என்றார்.

"நான் தொட மாட்டேன். வேணும்னா நீங்களே சுரண்டுங்க." சுரண்டியை அவர் பக்கமாகப் போட்டேன்.

அவர் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழவே நேரமானது. சுரண்டியை எடுத்து மிஸ்பாவின் பெயரில் வைத்து அழுத்தினார். கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. அப்படியே நின்றுவிட்டார். கொல்லைப் பக்கம் கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள் மிஸ்பா. ஜன்னல் வழியே பார்த்தால் அவள் முதுகு தெரிந்தது.

"மிஸ்பா, இங்கிட்டு வாம்மா" என்று கூப்பிட்டார்.

அவள் துணிகளைத் தோளில் போட்டபடியே வந்தாள். சிஸ்டர் சுவரைக் காட்டி, என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை, அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். ஸ்கேன் விஷயத்தையும் சொன்னார். பீரோவையும் சொன்னார்.

மிஸ்பா அந்த வரியை விரலால் தொட்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். 'கந்தூரிக்கு மறுநாள்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"நானே நம்பிட்டேன் சிஸ்டர்" என்றாள். "நான்தான் உளறிட்டேன்னு நானே நம்பிட்டேன். எம் புள்ள காலப் பாக்கும்போதெல்லாம் என்னையே அடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். நீங்க எண்ணெ தேய்க்கும்போது ஒங்க கையப் பிடிச்சு எத்தனை தடவை அழுதிருக்கேன்! அப்பக்கூடவா ஒங்களுக்கு வாய் வரல?"

சத்தம் கேட்டு ஆபிதாம்மா வந்துவிட்டார். "என்னடி, என்ன சத்தம்? சுவத்துல என்ன எழுத்து இது?"

"நான் சொன்ன நாளு மாமி. படிங்க."

ஆபிதாம்மா படித்தார். கடலோர வீட்டுப் பெண்ணுக்குப் பிறைக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்த கை பாதியில் நின்றுபோனது. சிஸ்டரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "யா அல்லாஹ்" என்று அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆபிதாம்மா, நான் இந்தச் சுவத்த அடிக்கல" என்றார் சிஸ்டர். "இது இப்படியே இருக்கட்டும். யாரு வேணாலும் வந்து பாத்துக்கிடட்டும்."

மிஸ்பாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "எதுக்கு? புதுப் பொண்ணு வந்து குடியிருக்கிற ரூமுக்குள்ள யாரு வந்து படிப்பா? சுவரா ஊருக்குள்ள போயிச் சொல்லுச்சு? ஒங்க வாய்தான சொல்லுச்சு. என்னைய வெவரங்கெட்டவளுன்னு எந்தெந்த வீட்டுல பேசுறாங்களோ, அந்த வீடெல்லாம் ஏறி அதே வாயால சொல்லிட்டுப் போங்க. சுவரு எப்படியும் போகட்டும்."

சிஸ்டர் சரி என்று தலையை ஆட்டினார். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கவில்லை. சாமியா கதவு வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே லாரி வந்து, ஒன்பதுக்குள் சாமான் ஏற்றியாகிவிட்டது. டிரைவர் வண்டியை எடுக்கலாமா என்று கேட்டான். "மத்தியானம் வரைக்கும் நில்லு தம்பி" என்று சொல்லிவிட்டு, வழக்கமாக வேலைக்குக் கொண்டுபோகிற பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு சிஸ்டர் தெருவில் இறங்கினார். ஊரின் எல்லா வீட்டுப் படியும் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஊசி போடப் போனவர்தான்.

அவர் முதலில் ஏறியது எதிர்வீடு. அந்த நேரம் மீன் கூடையோடு ராஜலட்சுமி அங்கே நின்றிருந்தாள். ஊரில் ஒரு சேதி பத்து மணிக்குள் பரவ வேண்டுமென்றால் அவள் காதில் போட்டால் போதும். சிஸ்டருக்கு அது தெரியாதா? "ராஜலட்சுமி, நீயும் கேட்டுக்க" என்று அவளையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். எதிர்வீட்டுக்காரம்மா தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. ராஜலட்சுமி என்னவோ சத்தமாகக் கேட்டாள். சிஸ்டர் பதில் சொல்லிவிட்டு அடுத்த படியில் ஏறினார்.

நான் உள்ளே போய் அந்த வரியையும் அதற்குக் கீழே இருந்தவற்றையும் சுரண்டினேன். பட்டி வைத்தேன், தேய்த்தேன், ப்ரைமர் அடித்தேன். வேலை சுத்தமாகத்தான் வந்தது.

பன்னிரண்டரைக்குத் திரும்பினார். முகம் கறுத்துப்போயிருந்தது. ஆபிதாம்மா ஒரு சொம்பு தண்ணீரை வாசற்படியில் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. சிஸ்டர் எடுத்துக் குடித்துவிட்டு, பழக்கதோஷம், வீட்டுக்குள் போய் ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கு செபமாலை" என்று சொல்லிச் சாவியைப் படியில் வைத்தார்.

மிஸ்பா வெளியே வரவில்லை. சாமியாதான் வந்தாள். பின்கட்டிலிருந்து ஹால் வழியாக, நான் புதிதாக அடித்த சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். மற்ற நேரமாக இருந்தால் கத்தியிருப்பேன். வாசலில் நின்று லாரியைப் பார்த்துக் கை காட்டினாள். சிஸ்டர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவள் காலைப் பார்த்தபடியே போனார்.

நான் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது ராஜலட்சுமி காலிக் கூடையோடு கொல்லை வழியாக வந்தாள். மிஸ்பா அடுப்படி வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் ஆபிதாம்மா.

"ஏம்மா மிஸ்பா, நீ அன்னைக்கு நாளச் சரியாத்தான் சொன்னியாமே?"

மிஸ்பா நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். ஆபிதாம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, "சரியாத்தான் சொன்னா" என்றார். "நாங்கதான் கேக்கல."

விளக்கிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மிஸ்பா எழுந்தாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, அதை அவள் துடைக்கவில்லை. "கந்தூரிக்கு மறுநாள்னு சொன்னேன் ராஜலட்சுமிக்கா" என்றாள். நான்கு வீட்டுக்குக் கேட்கும்படி இன்னொரு தடவையும் சொன்னாள். "கந்தூரிக்கு மறுநாள்னுதான் சொன்னேன்."